வீட்டு டே கேரில் ஸ்மோக் அலாரம் மாற்றுதல்: குவீன்ஸ்லாந்து 2027 விதிக்கான வேலைக் குறிப்பு

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2027 ஜனவரி 1 முதல் எல்லாக் குடியிருப்பு வீடுகளிலும் ஒன்றோடொன்று இணைந்த (ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்) ஃபோட்டோ எலக்ட்ரிக் (ஒளிக்கற்றையால் புகையைக் கண்டுபிடிக்கும்) ஸ்மோக் அலாரம் இருந்தாக வேண்டும். புதிதாகக் கட்டிய வீடுகளுக்கும் பெரிய அளவில் மாற்றிக் கட்டிய வீடுகளுக்கும் 2017 ஜனவரி 1-லேயே இது வந்துவிட்டது. விற்கிற வீடு, வாடகைக்கு விடுகிற வீடு என்றால் 2022 ஜனவரி 1. மிச்சம் இருப்பது சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள். தங்கள் வீட்டிலேயே ஃபேமிலி டே கேர் (பிறர் குழந்தைகள் சிலரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் சேவை) நடத்துபவர்களில் பலர் இந்தக் கடைசிப் பிரிவில்தான் வருகிறார்கள்.

2011 ஆகஸ்ட் 24 அன்று லோகன் நகரத்து ஸ்லாக்ஸ் கிரீக்கில் ஒரே வீட்டில் 11 பேர் தீயில் இறந்தார்கள். அதன்மீது நடந்த மரண விசாரணைக்குப் பிறகு வந்ததுதான் 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். ஆகவே விதியின் மனத்தில் இருப்பது இரவில் தூங்கும் குடும்பம். டே கேரில் நிலைமை தலைகீழ்: பகல் ஒரு மணிக்குக் கதவைச் சாத்திய அறையில் குழந்தைகள் தூங்குவார்கள், விழித்திருக்கும் ஒரே பெரியவர் வேறு அறையில் இருப்பார். எந்த அறையில் புகை கிளம்பினாலும் அவர் நிற்கும் இடத்தில் சத்தம் கேட்க வேண்டும். கீழே வரும் வேலை முழுவதும் அந்தக் கணக்கில்தான்.

குழந்தைகள் அலாரம் கேட்டு எழுந்து ஓடி வருவார்கள் என்று நம்பித் திட்டமிட வேண்டாம். மெல்பர்ன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் டொரத்தி புரூக் செய்த ஆய்வுகளில், வழக்கமான கீச்சென்ற அலாரச் சத்தத்துக்கு எழாமல் தூங்கிய குழந்தைகள் நிறையப் பேர். சுமார் 520 ஹெர்ட்ஸ் தாழ்சுருதி ஒலி அதைவிட நன்றாக எழுப்புகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண அலாரத்தின் ஒலி 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். எனவே அலாரம் கூப்பிடுவது பெரியவரை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது அவர் வேலை.

எத்தனை வேண்டும்

சட்டம் கேட்கும் இடங்கள்: ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று, படுக்கையறைகளை வீட்டின் மற்றப் பகுதியோடு சேர்க்கும் நடைவழியில் ஒன்று, நடைவழி இல்லாவிட்டால் படுக்கையறைக்கும் அந்தத் தளத்தின் மற்றப் பகுதிக்கும் நடுவில் ஒன்று, படுக்கையறையே இல்லாத தளத்தில், வெளியேற ஆட்கள் பெரும்பாலும் போகும் வழியில் ஒன்று.

குவீன்ஸ்லாந்தில் சாதாரணமாகக் காணும் தூண்மேல் வீட்டை எடுத்துக்கொள்வோம். மேலே மூன்று படுக்கையறை, ஒரு நடைவழி, கூடம், சமையலறை. கீழே அடைத்துக் கட்டிய விளையாட்டு அறை, அதை ஒட்டிக் கட்டில்கள் போட்ட சிறிய அறை. மேலே மூன்று படுக்கையறைக்கும் நடைவழிக்குமாக நான்கு. கீழ்த்தளத்தில் படுக்கையறை இல்லை என்று எடுத்துக்கொண்டால் ஒன்று போதும். ஆனால் அந்தச் சிறிய அறையில் தினமும் குழந்தைகள் தூங்குகிறார்கள். வீட்டு வரைபடத்தில் அது ‘ஸ்டோர்’ என்று போட்டிருந்தாலும் படுக்கையறையாகவே எண்ண வேண்டும். அப்போது அந்த அறையில் ஒன்று, வெளியே விளையாட்டு அறையில் ஒன்று. ஆக மொத்தம் ஆறு. ஒரு அலாரத்தை மிச்சம் பிடிக்க ‘இது படுக்கையறையா இல்லையா’ என்று வாதாடுவதில் அர்த்தமில்லை. (கீழ்த்தளத்துக்குக் குடியிருக்கத் தகுந்த அறை என்ற அனுமதி உண்டா என்பது வேறு தலைவலி. டே கேர் சேவையின் கோஆர்டினேட்டர் வருடாந்தர மதிப்பீட்டுக்கு வரும்போது அதைக் கேட்கலாம்.)

சமையலறைக்குள் சட்டம் அலாரம் கேட்கவில்லை, போடவும் வேண்டாம். குளியலறைக் கதவுக்கு நேர் எதிரேயும் கூடாது, வெந்நீர் ஆவியை அலாரம் புகை என்றே எடுத்துக்கொள்ளும்.

வாங்குமுன் பழையதைக் கழற்றிப் பார்க்கவும்

சீலிங்கில் ஏற்கெனவே இருப்பது 240 வோல்ட் லைனில் ஓடுகிறதா, 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் புதியதை வாங்க முடியும். மின்லைன் அலாரம் இருந்த இடத்தில் மின்லைன் அலாரமே வர வேண்டும். அதைப் பிடுங்கிவிட்டு பேட்டரி அலாரத்தை ஒட்டினால் விதிக்குப் பொருந்தாது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் கடைகளில் ஆறு பேட்டரி அலாரம் கொண்ட பெட்டியாகத்தான் விற்கிறார்கள், மலிவாகவும் இருக்கிறது. 240 வோல்ட் லைனில் கைவைக்க உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேண்டும். பேட்டரி அலாரத்தை வீட்டுக்காரரே மாட்டலாம்.

பழைய அலாரத்தின் பின்பக்கத்தில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். மூவிதழ்க் கதிரியக்கக் குறி இருந்தால் அது அயனைசேஷன் வகை. உள்ளே துளியளவு அமெரீசியம்-241 இருக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயை இந்த வகை சீக்கிரம் கண்டுபிடிக்கும். மெத்தை, சோபா, ஒயர் போன்றவை உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கும்போது தாமதிக்கும். ஃபோட்டோ எலக்ட்ரிக் வகையில் ஒரு ஒளிக்கற்றை ஓடும். புகைத் துகள் அதைச் சிதறடித்து உணரியின் மேல் விழவைத்தால் அலாரம் அடிக்கும். புகைச்சலின் பருத்த துகள்களை இது முன்கூட்டியே பிடித்துவிடும். சட்டம் ஃபோட்டோ எலக்ட்ரிக்கை மட்டும் கேட்கிறது. இரண்டு உணரியும் சேர்ந்த கலப்பு அலாரத்தையும் ஏற்பதில்லை. அடுத்தது தயாரிப்புத் தேதி: மாட்டிய நாளிலிருந்து எண்ணக் கூடாது, தயாரித்த நாளிலிருந்து பத்து வருடம். தேதி அழிந்து படிக்க முடியாவிட்டால் மாற்றிவிடுவதே ஒழுங்கு.

மேலே சொன்ன வீட்டில் நடைவழியில் மட்டும் பழைய 240 வோல்ட் அலாரம் இருப்பதாக வைத்துக்கொண்டால் பட்டியல் இப்படி வரும்: வயர்லெஸ் இணைப்புள்ள 240 வோல்ட் அலாரம் 1, பத்து வருடக் கழற்ற முடியாத லித்தியம் பேட்டரியுடன் வயர்லெஸ் அலாரம் 5, சுவரில் மாட்டும் ரிமோட் 1. ஆறும் ஒரே கம்பெனி, ஒரே இணைப்பு முறை. ஒரு கம்பெனியின் வயர்லெஸ் அலாரம் இன்னொன்றோடு பேசாது. ஒரே கம்பெனியின் பழைய வரிசையும் புதிய வரிசையும்கூடச் சேராமல் போவதுண்டு. பெட்டியில் ‘ஏஎஸ் 3786:2014’ என்ற ஆஸ்திரேலியத் தரநிலை எண் இருக்க வேண்டும். ‘3786’ மட்டும் பார்த்து வாங்கினால் பழைய பதிப்பு வந்துவிடும்.

ரிமோட்டைச் சட்டம் கேட்கவில்லை. டே கேருக்கு அது தேவை என்பதே எங்கள் கருத்து. ஆறு அலாரம் ஒரே நேரத்தில் அடிக்கும்போது எது முதலில் அடித்தது என்று தேடி ஓட முடியாது. ரிமோட்டில் இடம் காட்டும் பொத்தானை அழுத்தினால் புகை பிடித்த அலாரத்தைத் தவிர மற்றவை சற்று நேரம் அடங்கும்.

இடத்தை அளப்பது

சுவரும் சீலிங்கும் சேரும் மூலையிலிருந்து 300 மி.மீ.க்குள் அலாரம் வரக் கூடாது. அங்கே காற்று அசையாமல் நிற்கும், புகை எட்டாது. விளக்கிலிருந்து 300 மி.மீ., ஏசி காற்று வரும் வாயிலிருந்து 400 மி.மீ., ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்து 400 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். சரிந்த சீலிங் என்றால் உச்சியிலிருந்து 500 முதல் 1,500 மி.மீ.க்குள்.

சிறிய அறையில் நடுவில் ஃபேன் இருந்தால் இந்த எண்கள் ஒன்றையொன்று மடக்கும். 2.4 மீட்டருக்கு 2.7 மீட்டர் அறை, 1,300 மி.மீ. ஃபேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து இறக்கை நுனி 650. அதோடு 400 சேர்த்தால் 1,050. குறுகிய பக்கத்தில் நடுவிலிருந்து சுவர் 1,200. 300 கழித்தால் 900. அதாவது அந்தத் திசையில் இடமே இல்லை. நீண்ட பக்கத்தில் 1,350-இல் 300 போனால் சரியாக 1,050, அலாரத்தின் பருமனுக்கு இடமில்லை. ஆகவே மூலைவிட்டத் திசையில் போக வேண்டும். அலாரத்தின் மையத்தை ஒரு சுவரிலிருந்து 360, அடுத்த சுவரிலிருந்து 360 வைத்தால் 120 மி.மீ. அலாரத்தின் விளிம்பு இரண்டு சுவரிலிருந்தும் 300 தள்ளி நிற்கும். ஃபேன் மையத்திலிருந்து சுமார் 1,300 தூரம் வரும், விளிம்பைக் கணக்கில் எடுத்தாலும் 1,200-க்கு மேல். பாஸ். இந்தக் கணக்கைத் தரையில் நின்று பேப்பரில் போடுங்கள். ஏணிமேல் நின்று கண்ணால் பார்த்து வைத்த அலாரம்தான் பிறகு 250 மி.மீ.யில் நிற்கிறது.

கட்டிலுக்கு நேர் மேலே வேண்டாம், துளைக்கும் தூசிக்காக மட்டுமில்லை. பின்னாளில் சுத்தம் செய்ய ஏணி போட இடம் வேண்டும்.

மேஜைமேல் இணைத்துவிட்டுப் பிறகு மாட்டுதல்

மாட்டிய பிறகு இணைக்கப் போனால் ஒவ்வொன்றுக்கும் ஏணி ஏற வேண்டும். எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி முதலில் இணைப்பதே நல்லது. பெரும்பாலான கம்பெனிகளில் முறை ஏறக்குறைய இதுதான்: ஒவ்வொன்றின் பேட்டரி சுவிட்சையும் இயக்கவும், ஒன்றைத் தலைமையாக வைத்து அதன் இணைப்புப் பொத்தானை எல்இடி விடாமல் எரியும்வரை அழுத்தவும், மற்ற ஒவ்வொன்றிலும் அதே பொத்தானை அழுத்தவும், எல்லாம் எரிந்த பிறகு தலைமையில் மறுபடி அழுத்தி இணைப்பு முறையிலிருந்து வெளியேறவும். வெளியேற மறந்துவிட்டால் சில மாடல்களில் சேர்ந்தவை நினைவில் நிற்காது. அலாரங்களை ஒட்டி ஒட்டி வைக்க வேண்டாம், ஒரு கை தூரமாவது இடைவெளி விடவும். மிக அருகில் இருந்தால் சிக்னல் அமுங்கி இணைப்பு தவறுவதுண்டு. 240 வோல்ட் அலாரத்தை எலக்ட்ரீஷியன் மாட்டி மின்சாரம் கொடுத்த பின்பு அதே முறையில் மற்ற அலாரங்களின் கூட்டத்தில் சேர்க்க வேண்டும். எனவே அவர் வரும் நாளில் மீதி ஐந்தும் இணைந்து கையில் தயாராக இருக்கட்டும்.

இணைந்ததும் ஒவ்வொன்றின் பின்னாலும் மார்க்கர் பேனாவால் அறையின் பெயர், மாட்டும் தேதி, மாற்ற வேண்டிய ஆண்டு எழுதிவிடுங்கள். தயாரிப்புத் தேதியையும் வரிசை எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பின் அவை தெரியாது.

துளையிடும்போது ஒரே ஒரு பெரிய ஆபத்து: 1990-க்கு முன் கட்டிய வீட்டின் ஃபைப்ரோ (நார் கலந்த சிமென்ட் தகடு) சீலிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதை அலட்சியமாக விட முடியாது. சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்க்கவும், அல்லது உரிமம் உள்ளவரிடம் விடவும். தவிர்க்க முடியாமல் துளைப்பதானால் கைத் துளையாணியோ வேகம் குறைந்த பேட்டரி டிரில்லோ மட்டும். துளை விழும் இடத்தில் கெட்டியான ஷேவிங் நுரையை அப்பி அதன் வழியே துளைத்தால் தூசி நுரையில் அகப்படும். பி2 முகக்கவசம் (நுண்தூசியை வடிகட்டும் வகை) கட்டாயம். வீட்டு வாக்குவம் கிளீனரைக் கிட்டே கொண்டுவரக் கூடாது, அது தூசியை வீடு முழுக்க ஊதிவிடும். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அஸ்பெஸ்டாஸ் குப்பையாகவே கொடுக்க வேண்டும். வார இறுதியில், குழந்தைகள் இல்லாதபோது மட்டும்.

ஜிப்ராக் (ஜிப்சம் பலகை) சீலிங் என்றால் கவலையில்லை. மரச் சட்டம் கிடைத்தால் நேரே ஸ்க்ரூ, இல்லையென்றால் பிளக் போட்டு ஸ்க்ரூ. இருபக்கம் ஒட்டும் டேப்பை நம்ப வேண்டாம். கம்பெனியே அதைக் கொடுத்து அனுமதித்திருந்தாலும், கோடைச் சூட்டில் பழைய பெயின்ட் உரிந்து அலாரம் கட்டில்மேல் விழுந்தால் தொல்லை. அலாரத்தின் தளத்தகட்டை மாட்டியதும் தூசியைத் துடைத்து, பிறகே அலாரத்தைத் திருகிப் பூட்டவும். பெயின்ட் அடிக்கவோ மணல்தாள் போடவோ திட்டம் இருந்தால் அது முதலில், அலாரம் கடைசியில்.

உண்மையான சோதனை

மேஜைமேல் ஆறும் ஒன்றாக அடித்தது கணக்கில் வராது. மாட்டிய பிறகு வீட்டின் எல்லாக் கதவையும் சாத்தி, ஒன்றுக்கொன்று மிகத் தூரமான இரண்டு அலாரத்தை எடுக்கவும். இந்த வீட்டில் கீழே கட்டில் அறையும் மேலே எதிர்மூலைப் படுக்கையறையும். கீழே சோதனைப் பொத்தானை அழுத்தியபடி ஒருவர் நிற்க, இன்னொருவர் மேலே ஒவ்வோர் அறையாகச் சென்று அந்தந்த அலாரமே அடிக்கிறதா என்று பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். வீடு முழுக்க ஒரே இரைச்சலாக இருப்பதால் தூரத்திலிருந்து கேட்டால் எல்லாம் அடிப்பதுபோலவே தோன்றும். பிறகு மேலே அழுத்தி, கீழே கேளுங்கள். ஒரு திசையில் போய் மறுதிசையில் போகாத இணைப்பும் உண்டு.

சிக்னல் எட்டாவிட்டால் காரணம் பெரும்பாலும் உலோகம்: தகரக் கூரை, அலுமினியத் தாள் ஒட்டிய இன்சுலேஷன், ஃபிரிட்ஜ், கான்கிரீட் தளத்தின் கம்பி. பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளிக் கணக்கு. சில மாடல்களில் ஒவ்வொரு அலாரமும் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். அப்படியானால் படிக்கட்டின் மேல்முனைக்கு அருகில் ஒன்றைக் கூடுதலாக வைத்தால் தீர்ந்துவிடும்.

கடைசியாக, பெரியவர் பகலில் உண்மையில் நிற்கும் இடங்களிலிருந்து ஒரு சோதனை: எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும் சமையலறை, துணி துவைக்கும் இடம், பின்பக்க விளையாட்டுத் திடல். அலாரம் மூன்று மீட்டரில் குறைந்தது 85 டெசிபல். இரண்டு மூடிய கதவைத் தாண்டினால் அது வெகுவாகக் குறைந்துபோகும். திடலில் கேட்கவில்லை என்றால் கூடத்தில் கூடுதலாக ஒன்று வைப்பது மலிவான தீர்வு.

வாடகை வீட்டில் டே கேர் நடத்துபவருக்கு இதில் பாதி வேலை இல்லை. அலாரம் வைப்பது வீட்டு உரிமையாளர் கடமை. 2022 முதல் வாடகை வீட்டில் இவை இருந்திருக்க வேண்டும். குடியிருப்பவர் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும், கழற்றக் கூடாது. ஆனால் மேலே சொன்ன சோதனையை அவர்களும் செய்தாக வேண்டும். தூங்கும் அறையில் அலாரம் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.

பிறகு வரும் தொந்தரவுகள்

காரணமில்லாமல் அடிப்பது: முதல் சந்தேகம் பூச்சி. பல்லியும் சிறு கரப்பானும் உணரி அறைக்குள் புகுந்தால் ஒளிக்கற்றை சிதறும். வாக்குவம் கிளீனரின் மென்தூரிகையால் காற்றுப் பிளவுகளைச் சுற்றிலும் உறிஞ்சி எடுக்கவும். பூச்சி மருந்தை அலாரத்தின்மேல் தெளிக்காமல் சுற்றியுள்ள சீலிங்கில் மட்டும் பூசலாம். தாளிப்புப் புகைக்கு நடைவழி அலாரம் அடித்தால் அதை விதி விடும் எல்லைக்குள் சமையலறையிலிருந்து தள்ளி வையுங்கள், எக்ஸாஸ்டை முன்னதாகவே போடுங்கள். மிளகாய் வறுக்கும் நாளுக்கென்று பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடி வைப்பதும், பிறகு எடுக்க மறப்பதும் நமக்கெல்லாம் தெரிந்த கதை. டே கேரில் அதற்கு மன்னிப்பில்லை.

ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றைக் கீச்சு வந்தால் பேட்டரி தீர்கிறது. விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறியதும் நின்றுபோவதும் அதே நோய்; குளிரில் பேட்டரியின் வோல்டேஜ் இறங்கும். கழற்ற முடியாத பேட்டரி என்பதால் அலாரத்தையே மாற்ற வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் ரசீது தேவைப்படும். புதிய அலாரத்தைக் கூட்டத்தில் சேர்த்தபின் முழுச் சோதனையையும் திரும்பச் செய்யவும்.

மாதம் ஒருமுறை பொத்தான் சோதனை. தூக்க நேரத்தில் வேண்டாம். கல்வி, குழந்தைப் பராமரிப்புச் சேவைகளுக்கான தேசிய ஒழுங்குமுறையின் 97-ஆவது விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியேறும் ஒத்திகை நடத்திப் பதிவுசெய்ய வேண்டும். வெளியேறும் ஒவ்வொரு வழியருகிலும் வரைபடமும் குறிப்பும் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். ஒத்திகையை விசில் ஊதி நடத்துவதைவிட அலாரத்தையே அடிக்கவிட்டு நடத்துவது நல்லது. அந்தச் சத்தத்தை முதன்முதலில் புகைக்குள் கேட்கும் குழந்தை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளக்கூடும். காலையில் குழந்தைகளிடமும் முன்நாளே பெற்றோரிடமும் சொல்லிவிட்டால் அழுகை குறையும். ஒருவர் ஏழு குழந்தைகள்வரை, அதில் பள்ளி வயதுக்குக் குறைந்தவர்கள் நான்குவரை பார்த்துக்கொள்ளலாம் என்பதால், நடக்கத் தெரியாதவர்கள் இருவர் இருந்தால் யாரை எந்தக் கையில், எந்தக் கதவு வழியே என்பதையும் அந்த ஒத்திகையிலேயே முடிவுசெய்யுங்கள். சாவி போட்டுப் பூட்டும் கதவில் சாவி எங்கே தொங்குகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கோஆர்டினேட்டரிடம் காட்ட ஒரு தாள் போதும்: அறை, மாடல், தயாரிப்புத் தேதி, மாற்ற வேண்டிய ஆண்டு, மின்லைனா பேட்டரியா என்ற ஐந்து பத்தி; கீழே மாதச் சோதனைத் தேதிகள். எலக்ட்ரீஷியன் கொடுத்த சோதனைச் சான்றிதழையும் ரசீதையும் அதோடு பின் போட்டு வைக்கவும்.

கழற்றிய பழையவற்றில், வீட்டிலிருந்து எடுத்த ஓரிரண்டு அயனைசேஷன் அலாரத்தை 9 வோல்ட் பேட்டரியைப் பிரித்துவிட்டுச் சாதாரணக் குப்பைத் தொட்டியில் போடலாம். பிரித்து உள்ளே நோண்டக் கூடாது. லித்தியம் பேட்டரி அடைத்த அலாரத்தை எந்தத் தொட்டியிலும் போடக் கூடாது, குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அதன் பின்பக்கச் சிறு துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு பேட்டரியை அணைக்கும் சுவிட்சைத் தள்ளி, முனிசிபல் மறுசுழற்சி மையத்திலோ பேட்டரி வாங்கும் கடைப் பெட்டியிலோ கொடுக்கவும். அணைக்காமல் கொண்டுபோனால் வழியெல்லாம் காருக்குள் கத்திக்கொண்டே வரும்.